அபினாவின் பின்னலுக்குள் சீயாக்காய்

அன்பு மகன் நிமலனுக்கு,

இங்கே மாசி ஊரில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வர முதலே மழையைச் சொல்லுகிறது. லண்டனில் குளிர் தொடங்குகிற நேரம், நீயும் மருமகள் அபினாவும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தம்பி அனுஷன் போன கிழமை வந்து புல் வெட்டித் தந்தான், உன்னைப் போலத்தான், சாப்பிட்ட கோப்பையைக் கழுவ மாட்டான்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது அபினாவை என் முன்னால் பலகையில் இருத்தி, நல்லெண்ணெய் வைத்து, சீயாக்காய்த் தூள் போட்டு முழுகவார்த்தேனே, அந்தத் தூள் அவளுடைய தலை நிறைந்த சின்னச் சின்ன ஆபிரிக்கப் பின்னல்களுக்குள் புகுந்து கழுவக் கழுவப் போகாமல், திரும்பிப் போனதும் இரண்டு நாளாக இருந்து அத்தனை பின்னலையும் அவள் அவிழ்த்தாள் என்று எட்டு மாதம் கழித்துச் சொல்லுகிறாய். மாமியிடம் சொல்லாதே என்று அவள்தான் தடுத்தாளாம். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன், ஆனால் நானும் கேட்கவில்லை, அது உண்மை. இரண்டும் பொடியன்களாகப் பெற்றவள் நான். ஹென்டர்சன் வாடகை வீட்டில் உங்களை முழுகவார்க்கப் பிடித்தால் எண்ணெயோடு வேலிவரை ஓடுவீர்கள், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி வந்து நின்று சிரிப்பாள். பின்னிவிட ஒரு தலை எனக்கு வாய்க்கவில்லை மகன். அன்றைக்கு அந்த நீளப் பின்னல்கள் என் மடியில் விழுந்து கிடந்தபோது தலைகால் தெரியாத சந்தோசம், அரைப் போத்தல் எண்ணெய் போனது அதனால்தான்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற கென்யாக்காரி கிறேஸின் தலையிலும் இதே பின்னல்தான், பொக்ஸ் பிரெயிட்ஸ் என்று பெயராம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத்தான் சொல்லித் தந்தாள். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து வகிடுகளுக்குள் மட்டும் விட்டு விரல் நுனியால் தேய்க்க வேணுமாம், பின்னலைக் கசக்கக் கூடாதாம், ஈரம் உள்ளே நின்றால் மணக்கும் என்பதால் நன்றாகக் காய விட வேணுமாம். எண்ணெய் ஒரு துளிதான். இரவில் பட்டுத்துணி கட்டிப் படுத்தால் சிலும்பாமல் புதுசு போலவே இருக்குமாம், முன்வரிசை தளர்ந்தால் அதை மட்டும் திரும்பப் பின்னலாமாம், இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் முடி இழுபட்டு உதிருமாம். இதெல்லாம் அபினாவுக்குத் தெரியும், மாமிக்கும் இப்போது தெரியும் என்று சொல்லு.

இதோடு ஒரு பட்டுத்துணி வைத்திருக்கிறேன். என் கூறைச்சேலையில் உள்ளே செருகுகிற பக்கத்தில் வெட்டித் தைத்தது, அங்கே சரிகை இல்லை, இருந்தால் முடியில் கொழுவும். கூறையை வெட்டுறீரே, உமக்கென்ன விசரே என்று அப்பா ஏசினார். பெட்டிக்குள்ளே முப்பத்தாறு வருசம் படுத்திருந்தது, இனி ஒரு தலையோடு படுக்கட்டும் என்றேன். துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட அவளிடம் சொல்லு, நீ மெஷினில் போட்டுவிடாதே.

அடுத்த பொங்கலுக்கும் வருவீர்கள்தானே. மிச்ச நல்லெண்ணெய் அப்பாவின் முழங்காலுக்குப் போகிறது, பயப்பட வேண்டாம். பலகை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதில் வந்து இருப்பாளா என்று நீ எனக்காகக் கேட்காதே. இந்த முறை நானே கேட்பேன், அவள் மாட்டேன் என்றால் பக்கத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்போம்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

கேட்காமல் தொட்ட கையால் எழுதும்,
அம்மா இராசமலர்