பாலம் வளைந்து தெரிந்த நாட்கள்

ஜனவரி 10, சனி

மூன்று நாளைக்குப் பிறகு மழை விட்டது. வெள்ளாப்பிலேயே எழும்பி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வாவிக்கரை. தண்ணீர் முட்ட நிரம்பிக் கிடக்கிறது. கண்டல் மரங்களின் பாதி உடம்பு உள்ளே.

கையில் 55 மி.மீ. லென்ஸ். ஜப்பானில் செய்தது, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையது. உள்ளே பூஞ்சணம் வேர்விட்டுப் படர்ந்திருந்ததை ஹனீபா கழற்றித் துடைத்து நேற்றுத்தான் தந்தான். ஏறாவூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பழைய லென்ஸ் திறப்பது அவனுக்குத் தொழில் இல்லை, பைத்தியம். எனக்கும் அதே பைத்தியம் என்பதால் இருபது வருடமாக மச்சான் மச்சான் என்று திரிகிறோம்.

புதிய கமரா, அதன் வாயில் ஒரு அடாப்டர் வளையம், அதில் இந்தப் பழசு. ஃபோகஸ் கையால்தான். வளையத்தைத் திருப்பும்போது எண்ணெய்க்குள் விரல் போகிற மாதிரி ஒரு வழுக்கல். புது லென்ஸ் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடும். பிறகு நான் எதற்கு?

தோணி ஒன்று, வலை இழுக்கும் இருவர். வெயில் நேரே கண்ணாடிக்குள் விழுந்து படம் முழுக்க மஞ்சள்தூள் பறந்த மாதிரி. இதற்காகத்தான் இந்தப் பாடு எல்லாம்.

ஒரு குறை. கமராவில் கண்ணை வைத்துக் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தால், நடுவில் கம்பிகள் வெளியே பிதுங்கி நிற்கின்றன. முன்பு இப்படி இல்லை. உள்ளே ஒரு கண்ணாடி சரிந்து பூட்டப்பட்டுவிட்டதோ?

ஜனவரி 11, ஞாயிறு

மூடாப்பு, வெயிலே இல்லை. மத்தியானம் மீன் சொதி, புட்டு.

நேற்றைய படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பாலம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபோகஸ் ஒன்றில்கூட இல்லை. தோணிக்காரன் முகம் மங்கல், அவனுக்குப் பின்னால் கண்டல் இலை கூர்மை. எல்லாப் படத்திலும் இப்படி ஒரு சாண் பின்னால்.

ஃபோகஸ் பட்ட இடத்தைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வசதி கமராவில் இருக்கிறது. நான் போடுவதில்லை. முப்பது வருடம் கண்ணை நம்பி எடுத்தவனுக்கு அது ஊன்றுகோல்.

சுவரில் பத்திரிகைத்தாள் ஒட்டிச் சோதனை. மறுபடி மங்கல். மனைவி மலர் கூட்டுமாற்றோடு வந்து நின்றாள்.

"கந்தோர் லீவு நாளிலயும் உங்களுக்குச் சுவரோட கதையா?"

"லென்ஸ் பழுதாப் போய்ட்டு."

"ஹனீபா நானா நேத்துத்தானே திருத்தித் தந்தவர்?"

அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பி.ப. 4.30க்குக் கந்தோர் விட்டு நேரே ஏறாவூர் பஸ். தூறல்.

ஹனீபா லென்ஸை வாங்கித் தன் கமராவில் பூட்டி, வீதிக்கு எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகையை எடுத்தான். காட்டினான். எழுத்து ஒவ்வொன்றும் கத்தி.

"லென்ஸ்ல ஒரு பிழையும் இல்ல மச்சான்."

"அப்ப என்ட படம் ஏன் இப்பிடி வருது?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "கோவிக்காத. லென்ஸ் எடுக்க வந்த அன்டைக்கு நீ கதைக்கக்குள்ள முகத்தச் சரிச்சுச் சரிச்சுப் பாத்த. உள்ளுக்கு வா, உன்ட கண்ண ஒருக்காப் பாப்பம். ரெண்டு நிமிசம்."

கடையில் கண்ணாடி பார்க்க வந்த இரண்டு பெண்கள். கிறுகி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடேறிவிட்டது.

"நீ பிழையாப் பூட்டிப்போட்டு என்ட கண்ணில பழியப் போடுறியா?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல யோகு."

"வேற எப்பிடிச் சொன்ன?"

லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே நியாயம். அவன் கமரா வேறு, அடாப்டர் வேறு. பலகை தூரத்தில் நின்றது. பிழை கிட்டத்தில் எடுக்கும்போதுதான் தெரியும். அவனுக்கும் அது தெரியும். மறைக்கிறான்.

ஜனவரி 14, புதன்

மழை. நித்திரை சரியில்லை, தலையிடி.

போனில் எங்கள் பழைய லென்ஸ் குழு. வாழைச்சேனையில் இருந்து கல்முனை வரை நாற்பது பேர் மட்டில். அரைவாசிப் பேரின் லென்ஸ்களை ஹனீபாதான் சும்மா துடைத்துக் கொடுத்திருக்கிறான்.

பத்து மணிக்கு, கந்தோரில் இருந்தே, அதில் எழுதினேன்: "அனுபவம் இல்லாதவர்களிடம் லென்ஸ் திறக்கக் கொடுக்க வேண்டாம். எனது 55 ஏறாவூரில் நாசமாகிவிட்டது." பெயர் போடவில்லை. போடத் தேவையில்லை.

அனுப்பியபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மலர் முற்றத்தில் பொங்கினாள். அடுப்பு புகைந்து கண்ணீர் எல்லாருக்கும்.

குழுவில்:
"என்னுடையதும் அங்கேதான் கிடக்கு. பயமாயிருக்கு."
"கண்ணாடி வெட்டுறவன் கமரா லென்ஸ் திறந்தா அப்பிடித்தான்."
ஓட்டமாவடிக்காரர் ஒருவர், நாளைக்கே போய்த் தன் லென்ஸைத் திருப்பி எடுக்கப்போகிறாராம்.

ஹனீபா ஒரு சொல்லும் எழுதவில்லை. மத்தியானம் பார்த்தேன், "ஹனீபா வெளியேறினார்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மு.ப. 9க்கு முதல் கோல் எடுப்பான். "எங்கட பங்கு எங்க மச்சான்?" என்பான். இன்று இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

அடாப்டர் மாற்றிப் பார்த்தாயிற்று. மங்கல்தான். 135 மி.மீ. லென்ஸைப் போட்டேன். இதை ஹனீபா தொட்டதே இல்லை. கண்ணை வைத்தால் எதிர்வீட்டு மதில் நடுவில் பிதுங்குகிறது.

சரி, கமராதான் பழுது என்று நினைத்தேன். உண்மையில் சந்தோசப்பட்டேன், அப்படியென்றால் யாரிலும் பிழையில்லை.

கமராவை மேசையில் வைத்துவிட்டு, களைத்துப்போய், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்தேன். எதிரே யன்னல். யன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து நின்றன. வளைவுக்கு நடுவில், மை ஊறின மாதிரி ஒரு சாம்பல் பொட்டு.

கையை எடுத்தேன். நேர்.
பொத்தினேன். வளைவு.

கமரா இல்லை, லென்ஸ் இல்லை, அடாப்டர் இல்லை. வெறும் யன்னல்.

மலர் குசினியில் இருந்து கேட்டாள்: "தேத்தண்ணி போடவா?" ஓம் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

ஜனவரி 21, புதன்

சொல்லவில்லை. ஒருவருக்கும்.

கந்தோரில் பேரேட்டுக் கோடுகள். வலது கண்ணால் பார்த்தால் நடுவில் இருக்கும் எழுத்து விழுங்கப்படுகிறது. இத்தனை நாள் இடது கண் எல்லா வேலையையும் செய்திருக்கிறது, எனக்குச் சொல்லாமலே. கமராவில் மட்டும் நான் வலது கண்ணை வைப்பவன்.

ஜனவரி 23, வெள்ளி

ஓட்டமாவடிக்காரர் குழுவில் தன் லென்ஸின் படத்தைப் போட்டிருக்கிறார். "பத்திரமாக மீட்டாயிற்று." கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார்: "பூஞ்சணம் துடைக்க ஆர் இருக்கினம்?" பதில்: "ஏறாவூருக்கு மட்டும் போகாதேங்கோ."

நான் எழுதத் தொடங்கினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். அழித்தேன். கண் பழுது என்று எழுதினால் அது உண்மையாகிவிடும் போல. அதைவிட, அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது கூடக் கஷ்டம் என்று எனக்கே தெரியவில்லை. கோழை.

ஜனவரி 25, ஞாயிறு

மலர் கண்டுபிடித்துவிட்டாள். நான் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். இந்த மாதம் மூன்றாம் தரமாம். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு? உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். யன்னல், பாலம், ஹனீபா சொன்னது, நான் குழுவில் எழுதியது, எல்லாம். கண்ணைப் பற்றித்தான் முதலில் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த மனுசன் உங்களுக்கு நல்லதுதானே சொன்னவர். நீங்க அவர்ட பேரக் கெடுத்துப்போட்டுச் சும்மா இரிக்கிங்க."

பிறகுதான் அழுதாள்.

ஜனவரி 27, செவ்வாய்

கண் கிளினிக். மு.ப. 6.20க்கு நம்பர் எடுத்து, 11 மணிக்கு உள்ளே. கண்ணுக்குள் துளி விட்டு, வெளிச்சம் அடித்து, படம் எடுத்தார்கள். என் விழித்திரையின் படம் திரையில். ஆரஞ்சு நிறம், நடுவில் ஒரு வீக்கம். படம் நல்ல கூர்மை என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போகிறது.

டொக்டர் இளம் பெண். மெதுவாகக் கதைத்தார்.

"நடுப்பகுதியில நீர் கசிஞ்சிருக்கு ஐயா. நேர்கோடு வளைஞ்சு தெரியிறது அதாலதான். எப்ப துவங்கினது?"

"ரெண்டரைக் கிழமை மட்டில."

"உடனே வந்திருந்தா..." என்றார். முடிக்கவில்லை. மலர் முடிக்கச் சொல்லிக் கேட்டாள். "அப்பவே ஊசி போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் பார்வையக் காப்பாத்தியிருக்கலாம். இனி இருக்கிறதக் காப்பாத்தப் பாப்பம். போனது வாறது கஷ்டம்."

முதல் ஊசி இன்றே. கண்ணுக்குள். ஊசியைவிட அதற்கு முந்திய ஒரு நிமிடம்தான் பயங்கரம்.

ஆட்டோவில் வரும்போது மலர் என் கையைப் பிடித்தபடி. பாலத்தில் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 28, புதன்

லீவு. வலது கண் இரத்தச் சிவப்பு. மழை இருட்டு.

குழுவில் எழுதினேன். இந்தத் தரம் அழிக்கவில்லை: "ஹனீபா பூட்டிய லென்ஸில் பிழை இல்லை. பிழை என் வலது கண்ணில், ஊசி போட்டிருக்கிறார்கள். அவன் அன்றே சொன்னான், நான் கேட்கவில்லை. அவனைப் பற்றி நான் எழுதியது அநியாயம்."

பதில்கள் வந்தபடி. கைகூப்பும் பொம்மை. கண்ணீர்ப் பொம்மை. "விரைவில் குணமடையப் பிரார்த்திக்கிறோம் அண்ணா." ஓட்டமாவடிக்காரர் ஒரு பூச்செண்டு போட்டிருக்கிறார்.

ஹனீபாவைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

அவனுக்குக் கோல் எடுத்தேன். மணி போனது, போனது. எடுக்கவில்லை.

ஜனவரி 31, சனி

வெயில். மலர் தானும் வாறன் என்றாள், வேண்டாம் என்றேன். கமராவும் 55 லென்ஸும் பையில். லென்ஸை அவனிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு. அதை வைத்திருக்க எனக்குத் தகுதியில்லை.

கடையில் ஒருவரும் இல்லை. ஹனீபா ஒரு சட்டகத்துக்கு ஆணி இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க சேர். இருங்க."

இருபது வருடத்தில் முதல் தரம் 'சேர்'. அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திராது.

"நான் குழுவில எழுதியிரிக்கன் ஹனீபா. நீ இல்ல அதில, அதால..."

"ஆக்கள் காட்டினாங்க. பாத்தன்."

"என்ன மன்னிச்சுக்க."

எழும்பிப்போய் ஒரு அட்டை எடுத்து வந்தான். வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. "இடதக் கையால பொத்துங்க. நடுப் புள்ளியப் பாருங்க. தெரியுதா?"

"புள்ளி இல்ல. அவடத்த சாம்பல். சுத்திவரக் கோடு வளையுது."

அட்டையைக் கீழே வைத்தான். "ஊசி எப்ப போட்ட?"

"செவ்வாய்."

"நான் உனக்குச் சொன்னது பதின்மூணாந் திகதி." விரல் மடித்து எண்ணினான். குரல் மாறிவிட்டது. "ரெண்டு கிழம. ரெண்டு கிழம நீ கோவத்தில இருந்திரிக்க யோகு. நானும்தான். நீ எழுதினதப் பாத்துட்டு, இவன் எக்கேடும் கெட்டுப் போகட்டும் எண்டு நானும் இருந்திட்டன். வீட்ட வந்து உன்ன இழுத்துட்டுப் போயிரிக்கலாம். மலர்ட்டயாவது சொல்லியிரிக்கலாம். கண் பாக்கிறவன் நான்."

வீதியில் ஒரு மீன் லொறி, ஹோர்ன் அடித்தபடி.

லென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். "இத நீ வச்சுக்க."

"வேணாம். நான் வச்சா சனம் என்ன சொல்லும்? பழுதாக்கினத்துக்கு ஈடா வாங்கினான் எண்டும் சொல்லும்." லென்ஸை என் பக்கம் தள்ளினான். "திரும்பக் குழுவில சேர்க்கவும் வேணாம். ஆர்ட லென்ஸும் இனி நான் திறக்கல்ல."

"ஹனீபா..."

"உன்னில கோவத்தில சொல்லல்ல. கை வருகுதில்ல இனி."

லென்ஸைத் திரும்பப் பையில் போட்டேன். எழும்பலாம் என்று நினைத்தபோது அவன் கேட்டான்:

"கமரா கொண்டு வந்தயா?"

"ஓம்."

"பூட்டு. இடது கண்ணில வை. பழகத்தானே வேணும்."

பூட்டினேன். இடது கண்ணில் வைத்தால் மூக்கு திரையில் முட்டுகிறது. கை எங்கே போவதென்று தெரியவில்லை, புதிதாகப் பிடிப்பவனைப் போல. ஹனீபா தன் கதிரையைச் சுற்றிப்போய், கண் காட்ட வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் இருந்தான். சிரிக்கவில்லை. கைகள் மடியில். தாடியில் நரை இவ்வளவு இருந்ததை நான் கவனித்ததே இல்லை.

வளையத்தைத் திருப்பினேன். அவன் கண் கூர்மைக்கு வந்தது, போனது. திரும்ப வந்தது, போனது.

"முடிஞ்சா?"

"இன்னும் இல்ல."

"சரி, பாத்து எடு" என்றான். அசையாமல் இருந்தான்.