என் முதல் கைநாட்டு

எதிலும் என்னை முந்திக்கொள்ளும் என் அன்புத் தம்பி செல்வத்துக்கு,

நீ அமெரிக்காவில் கண்ணை மூடி ஆடியும் ஆவணியும் போய்விட்டன. தங்கச்சி வசந்தா வாரம் தவறாமல் போன் செய்கிறாள். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். "சின்னண்ணன் இருந்தா வீடே கலகலன்னு இருக்கும்ணே" என்கிறாள். பழங்காநத்தத்தில் பெரியண்ணன் ஒருவன் உயிரோடு இருப்பது அவளுக்கு நினைவிருக்கிறதா?

நர்சு வேலைக்குப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள், நம் இருவருக்கும் ஒரே நாளில்தான் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டாள். அப்போது உன் மீசை கறுப்பு. நம் முறை வந்தபோது என் தலையில் வெளுக்க ஒரு முடி பாக்கியில்லை. அத்தனை வருஷமும் ஒன்றாகத்தானே காத்திருந்தோம்? நீ மட்டும் எப்படிப் போனாய்? உன் கட்டைவிரல் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சின்ன வயதில் மூட்டை தூக்கிய கடையில் முதலாளி என்னை "டேய் கைநாட்டு" என்றுதான் கூப்பிடுவார். அதைப் பொறுக்காமல் பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். நானாகப் படித்த முதல் வார்த்தை கொட்டாம்பட்டி. கூலி வாங்க மற்றவர்கள் மையில் விரலைத் தோய்த்தபோது, நான் கோணலாகவேனும் என் பெயரை எழுதினேன். நீ கடைசிவரை படிக்கவில்லை. "ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு நேரமாண்ணே? நான் ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போயிருவேன்" என்று சிரிப்பாய்.

சென்னையில் விசா நேர்காணலுக்குப் போன அன்றும் அதைத்தான் செய்தாய். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் என்னிடம், "விரலை வைங்க ஐயா" என்றாள்.

"பேனா குடும்மா."

"பேனா வேணாம் ஐயா, பத்து விரலும் பதியணும்."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"டாக்டரா இருந்தாலும் விரல்தாங்க ஐயா."

பக்கத்து ஜன்னலில் நின்ற நீ கத்தினாய்: "வைண்ணே, வெறும் கண்ணாடிதான், மைகூட ஒட்டாது!"

டாக்டருக்கு ரோஷம் இல்லையென்றால் நான் என்ன செய்ய? வெளியே வந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்குள் மனம் மாறினால் வரலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அன்று செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் நீ போன் செய்தாயே, அதுதான் தாங்கவில்லை. "அண்ணே, கார்டு வந்துருச்சு. என் போட்டோவுக்குப் பக்கத்துல என் ரேகையையே அச்சடிச்சிருக்கான்ணே!" கைநாட்டுக்கு அம்புட்டு மரியாதை. வாசலில் பனியை மண்வெட்டியால் அள்ளினேன் என்றாய். வசந்தா கையால் மூன்று வேளையும் சோறு என்றாய். நான் ரிசீவரை வைத்துவிட்டு, ஆறிப்போன இட்லியைப் பிட்டேன். நெஞ்சுவலி வந்தபோதுகூட அவள் மடியில்தான் உன் தலை இருந்ததாம். அதையும் நீயே வாங்கிக்கொண்டாயா?

நேற்று அவள் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "பெரியண்ணே, இந்த மாசத்தோட கெடு முடியுது. விட்டா மறுபடி வரிசையில கடைசியில நிக்கணும். அதுக்கு நமக்கு ஆயுசு இருக்கா?"

அதனால் வாக்குத் தருகிறேன், தம்பி. சென்னைக்குப் போய்ப் பத்து விரலையும் வைப்பேன். அவர்கள் கேட்டதற்காக இல்லை, வசந்தா அழுததற்காகவும் இல்லை. நீ அள்ளிய பனியை நான் அள்ளாமல் விடமாட்டேன். நீ உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிடாமல் விடமாட்டேன்.

ஆனால் என் முதல் கைநாட்டை அந்தக் கண்ணாடிக்குக் கொடுக்க மனமில்லை. காலையில் ஸ்டாம்ப் பேடு வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்தின் கீழே அதை உனக்கென்று வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். உன்னுடையதைவிடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

பக்கத்திலேயே பெயரையும் எழுதியிருக்கும்,
உன் அண்ணன்,
பழங்காநத்தம்.