நடக்கிற மெஷின்

கரைத்தீவு,
10.01.2013

அன்புத் தங்கச்சி முஃபீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஃபோனை நீ வேலை செய்யும் வீட்டு மெடம் பறித்து வைத்திருக்கிறாளாம். அதனால் பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ரம்ஸியாவின் விலாசத்துக்கு எழுதுகிறேன். மச்சான் மௌத்தாகி நான் விதவையான செய்தி கிடைத்திருக்கும். அழுதுகொண்டே இருக்காதே, உனக்கும் சேர்த்து நான் அழுதுவிட்டேன்.

மச்சானுக்காக நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறேன். ஜன்னலுக்குச் சீலை கட்டியாயிற்று. அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது, படலை தாண்டக்கூடாது. அறையில் எனக்குத் துணை ஒரு நடக்கிற மெஷின். சிரிக்காதே. சீனி வருத்தத்துக்கு நடக்கும்படி டொக்டர் சொல்ல, ரோட்டில் நடக்க வெட்கப்பட்டு, மச்சான் டிவியில் சாமான் விற்கும் நிகழ்ச்சியைப் பார்த்து ஓடர் பண்ணிய சாமான். மௌத்தாகி ஏழாம் நாள் கத்தத்தன்று வந்து இறங்கியது. இப்போது நான்தான் அதில் நடக்கிறேன்.

அன்றிலிருந்து நானும் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் நாடகத்துக்கு நடுவில் சவர்க்காரமும் பிஸ்கட்டும் விளம்பரமாக வந்து போகும். இப்போது அரை மணித்தியாலமும் ஒரே சாமான்தான். ஒரு வெள்ளைக்காரியின் வாய் ஒன்று சொல்ல, தமிழ்க் குரல் வேறொன்று சொல்கிறது. மன்னாரில் புடவைக்காரர் மூட்டையை அவிழ்த்தால் உம்மா "சும்மா பார்க்கத்தான்" என்று போய் உட்காருவாவே, அதே கதைதான். மரக்கறி வெட்டும் மெஷினும் இடுப்புப் பட்டியும் வாங்கிவிட்டேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து போட்ட உடுப்போடு துரத்தப்பட்டு வந்தவர்கள் நாம். அறை நிறையச் சாமான் இருந்தால்தான் எனக்கு மனசு அடங்குகிறது. நீ வரும்போது பூப்போட்ட பெரிய பிளாங்கட் ஒன்று கொண்டு வா.

உன் ராத்தா,
ஸக்கியா

ரியாத்,
29.01.2013

என் ராத்தாவுக்கு,

ஸலாம். மச்சானுக்கு யாஸீன் ஓதினேன். உன் வெள்ளைக்காரி இங்கே அரபியில் கதைக்கிறாள்! மெடமும் வாங்கித் தள்ளுவாள், பெட்டியைப் பிரிக்காமலே சாமான் அறையில் போடுவாள். நடக்கிற மெஷினும் இருக்கிறது. பகலில் அவள் தூங்கும்போது தூசு தட்டுகிற சாட்டில் நான் ஏறி நடப்பேன். பூட்டிய வீட்டுக்குள் வேறு எங்கே நடப்பது?

என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ராத்தா. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அனுப்பமாட்டேன் என்கிறாள். மதுரங்குளியில் என்னை இங்கே அனுப்பிய ஏஜென்ட் ரஸாக்கிடம் போ. எனக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தது நீதான். நீ போய் முன்னால் இருந்தால்தான் அவன் அசைவான்.

முஃபீதா

கரைத்தீவு,
16.02.2013

என் தங்கம் முஃபீதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானின் தம்பி நௌஃபரிடம் திரைக்குப் பின்னால் நின்று சொல்லி அனுப்பினேன். "கையெழுத்து வெச்சவ வரட்டும்" என்று ரஸாக் திருப்பிவிட்டானாம். இத்தாவில் நான் எப்படிப் போவது? அது முடியும் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

டிவிக்காரர்களுக்கு ஃபோனில் ஓடர் எடுக்கும் பிள்ளை அக்கீலாதான் எனக்கு ஆறுதல். "அன்ட்டி, இன்டைக்கு என்ன வேணும்?" என்று ஆசையாகக் கேட்பாள். உன்னை நினைத்து அவளிடம் அழுதேன். எல்லாம் கேட்டுவிட்டு, நல்ல சூட்கேஸ் ஒன்று வந்திருக்கிறது என்றாள். உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன்.

ராத்தா

ரியாத்,
06.03.2013

ராத்தா,

சூட்கேஸை நீயே வைத்துக்கொள். ஊருக்குப் போகவேண்டும் என்று மெடத்திடம் கேட்டதிலிருந்து குப்பை கொட்டவும் வெளியே விடுவதில்லை. மேல்மாடியில் உடுப்புக் காயப்போடும்போது இந்தக் கடிதத்தை மதிலுக்கு மேலால் ரம்ஸியாவிடம் எறிகிறேன். அடுத்த மாதம் அவள் ஊருக்குப் போகிறாள். பிறகு என் சத்தம் உனக்கு வராது.

அவசரத் தேவைக்கு இத்தாவிலும் பகலில் போகலாம் என்கிறாள் அவள். நீ யாரிடமாவது கேட்டாயா? உன் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது, ராத்தா. என்னுடையது வெளிப்பக்கம்.

முஃபீதா

கரைத்தீவு,
25.03.2013

முஃபீதா,

நான் கேட்கவில்லை. கேட்டால் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாயிருந்தது. மச்சான் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. அறைக்குள் இருந்தபடியே எல்லாம் என்னைத் தேடி வந்தது.

மத்ரஸாவில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் சித்தி ஸுலைஹாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தேவைக்குப் போகலாம் புள்ள, பொழுதுபட்டு மஃரிப் ஆக முந்தி ஊட்டுக்கு வந்துரு. ஒன்ட தங்கச்சிய உட வேற என்ன தேவ?" என்றா. துணைக்கும் வந்தா.

வெயிலில் கண் கூசியது. மெஷினில் அவ்வளவு நடந்த கால், பஸ் படியில் தடுக்கியது. ரஸாக்கின் ஒபிஸிலும் டிவி, அதே வெள்ளைக்காரி. "பொறகு வாங்க" என்று அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் டிவியை நிறுத்தினேன். அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் இத்தாவில இருக்கிறவ. என்னப் பார்க்க ஒங்களுக்கு ஏலாட்டி, ரியாதுக்கு ஃபோனப் போடுங்க" என்றேன். வாசலில் சனம் கூடிவிட்டது. நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல், எழும்பிப் போகவும் முடியாமல், கடைசியில் ஃபோன் போட்டான்.

உன்னை அனுப்புவதாக மெடத்தின் புருஷன் சொன்னானாம். நான் நம்பவில்லை. நாளைக்கும் போவேன். நீ வந்து சேரும்வரை அந்தக் கதிரை என்னுடையது.

பிளாங்கட் கேட்டேனே, வேண்டாம். அந்தக் கதவு திறக்கிற நேரம் பெட்டி கட்டிக்கொண்டு நிற்காதே, தங்கச்சி. போட்ட உடுப்போடு வா.

உன் ராத்தா,
ஸக்கியா