துணைக்குப் போன அண்ணன்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பெண்ணும் சுகம் என்று உன் கடிதத்தில் படித்ததில் சந்தோஷம். இங்கே எனக்கு முழங்கால் வலி, உன் அத்தானுக்கு வழக்கம்போல எதிலும் குறை. நல்ல செய்தி இவ்வளவுதான்.

'நம்ம வாயாடியின் தொழில் எப்படிப் போகிறது?' என்று நீ கேட்ட ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. மூடியாயிற்று. உன் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் நீ பக்கத்தில் உட்காரவைத்து மெஷின் ரிப்பேர் சொல்லிக்கொடுத்த என் மகள், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு யார் மேலும் பழி போட வேண்டாம். மூடியது நான்தான்.

ஆரம்பத்தில் எப்படி ஓடியது தெரியுமா? பகலில் தனியாக இருக்கும் பெண்கள், வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடத் தயங்குகிறார்கள், அதனால் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். 'பெண்ணே வந்து சரிசெய்வாள்' என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். நாலே வாரத்தில் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஒரு டீச்சரம்மா, "உன்னை நம்பித்தான்டி கதவைத் திறக்கிறேன்" என்றாராம். அதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. "பொம்பளைப் புள்ளைய கண்டவங்க வீட்டுக்கு ஒத்தையில அனுப்புறியே, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் கேட்பார். மூத்தவன் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மாதானே இருக்கிறான், தங்கைக்குத் துணையாகப் போகட்டும் என்றேன். "ஆம்பளை வரக்கூடாதுன்னுதானேம்மா என்னையே கூப்பிடுறாங்க!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன்தானடி, அவன் என்ன அந்நியனா என்றேன். என் புத்திசாலித்தனத்தைப் பார்.

அவனுக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஆறடி உயரம், தாடி வேறு. கதவைத் திறந்த பாதிப் பேர், வீட்டுக்காரர் வந்ததும் சொல்கிறோம் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் அவளை விட்டுவிட்டு அவனிடம்தான் என்ன கோளாறு என்று கேட்டார்கள். அவனும் தாடியைத் தடவிக்கொண்டு, மோட்டார் போய்விட்டது என்பானாம். உண்மையில் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் போன் அடங்கிவிட்டது. டீச்சரம்மாவும் அப்புறம் கூப்பிடவில்லை.

அண்ணனை நிறுத்தும்மா என்று மூன்று முறை கெஞ்சினாள். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றேன். உன்னிடம் மறைத்து என்ன, போன் அடங்கியதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது அத்தான் ஒரு வரன் பார்த்திருக்கிறார். பெண் வேலைக்கெல்லாம் போகக் கூடாது என்கிறார்கள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மெஷினில் தண்ணீர் ஒழுகியது. அவளைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தாள். என்ன கோளாறு என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்திருக்கும். "மெக்கானிக்கைக் கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரிப்பேர் கடைக்குப் போன் செய்தேன். இப்போதே வருகிறேன் என்றான் ஒருவன். "இப்ப வேணாம்ப்பா, நாங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க. சாயங்காலம் ஆம்பளைங்க வந்தப்புறம் வா" என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். ஈரத் துணிகளை வாளியில் அள்ளிப்போட்டுக் கையால் துவைக்கத் தொடங்கினாள்.

நீ வந்து பேசு என்று கூப்பிட எனக்கு முகமில்லை. வந்தாலும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளுடைய கருவிப் பெட்டியை உன் பள்ளிக்கே அனுப்பச் சொன்னாள், வேறு யாராவது பிள்ளைக்கு உதவுமாம். துடைத்து, எண்ணெய் போட்டு, அவளேதான் கட்டிவைத்தாள். இந்தக் கடிதத்தோடு வருகிறது.

உன் பெண் இந்த வருடம் படிப்பை முடிக்கிறாள் அல்லவா? மகராசியாக இருக்கட்டும். எங்கே போகிறேன் என்றாலும் போகவிடு. உன் வயிற்றிலும் புளியைக் கரைக்கும், கரைக்கட்டும். வாசலில் நின்று கையை மட்டும் அசை. துணைக்கு யாரையும் அனுப்பிவிடாதே அம்மா.

உன்
அக்கா