டிக்கிக்கு எந்தச் சொரசொரப்பு?

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். கார் டிக்கிக்குள்ள அடிக்கிற பூச்சுல, வழவழப்பு, நடுத்தரம், முரடுன்னு மூணு மாதிரித் தகடு வாங்கி, நம்ம நாயோட தண்ணிக் கிண்ணத்துக்கிட்ட வரிசையா போட்டிருக்கேன். எடுத்துடாதீங்க.

உங்க ஸ்பேனர் பெட்டி வளைவுல வழுக்குதுன்னு நீங்க முரட்டுச் சொரசொரப்புதான் வேணும்னீங்க. பின்னாடி படுத்து வர்ற நம்ம நாய்க் கிழவனுக்குத் தோல் உரிஞ்சிடும்னு நான் கத்தினேன். ராத்திரி பூரா பேசலை. சரி, படுக்கப் போறவன் அவன்தானே? எதுல போய்ப் படுக்கிறான்னு பாருங்க. மத்தியானம் பூச்சுக் கடைக்காரர் போன் பண்ணுவார், அதையே சொல்லிடுங்க.

சாவி ஆணியில.

பி.கு. செருப்பு மாட்டும்போதே பார்த்துட்டேன். ரொம்ப முரடான தகட்டுல மல்லாந்து, முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு உருள்றான். இறங்கவே மாட்டேங்கறான். கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட மட்டும் சொல்லிக் காட்டாதீங்க.