உம்மா சொல்லாத வக்ஃபு

15 பிப்ரவரி 1971, திங்கள்

காலையில் முதல் வேலையாக, வெளிச்சுவரில் யாரோ எழுதிவிட்டுப் போன தேர்தல் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன். காயக் காயச் சின்னம் மறுபடி தெரிந்தது. இன்னொரு பூச்சுக்குக் குனிந்தபோது தம்பி ஜெக்கரியா வந்தான்.

“விடுங்க லாத்தா, நான் ஆள் அனுப்புறேன்.”

காரியம் ஆக வேண்டுமென்றால்தான் எனக்கு ‘நீங்க’ போடுவான்.

காரியம் இதுதான். நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துவிட்டார்கள். உம்மா பேரில் இருந்த வடக்குவெளி பன்னிரண்டு ஏக்கர் இவனுக்கு வரம்புக்கு மேல் மிச்சமாக நிற்கிறது. அதில் தலைமுறையாக உழைக்கும் இராஜாங்கமும் இன்னும் நான்கு குடும்பமும், எங்களுக்குக் கொடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டம் வருமுன்பே பள்ளிவாசல் தர்மத்துக்கு விட்ட நிலம் என்றால் தொடமாட்டார்களாம். உம்மா மௌத்தாகி அடக்கமானதும் சட்டத்துக்கு முன்புதான். ஆகவே, வடக்குவெளியை நோன்புக் கஞ்சிக்காக வக்ஃபு விட்டேன் என்று உம்மா வாயால் சொன்னதாக நான் சாட்சி சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லே போதுமாம், பத்திரம் தேவையில்லையாம்.

“கடைசி நாளெல்லாம் உம்மாவுக்குப் பேச்சே இல்லையேடா.”

“அதுக்கு முன்னாடி அறுபது வருஷம் பேசினாங்கள்ல? அதுல ஒரு நாள் சொன்னதா வச்சுக்குங்க.”

சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

16 பிப்ரவரி

பதினோராம் வகுப்பில் இன்று பாடம்: சுதந்திரம் அடைந்த நாடு தன் ஆட்சியையும் வரவுசெலவையும் எப்படி அமைத்துக்கொண்டது. தில்லிக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவாக ஒன்று. எந்த வரி யாருக்கு, யார் பங்கு போடுவது – கரும்பலகை நிறைய எழுதினேன்.

இராஜாங்கத்தின் மகள் நீலாம்பாள் எழுந்தாள். “நிலம் எந்தப் பட்டியல் டீச்சர்?”

“மாநிலப் பட்டியல்.”

“எங்க அப்பா, அது ஜெக்கரியா முதலாளி பட்டியல்னு சொல்றாரே!”

வகுப்பே சிரித்தது. அதட்டி உட்காரவைத்தேன். ஏன் அதட்டினேன்? தப்பாகவா சொன்னாள்?

திருச்சியில் நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அரசியல் சட்டம் வந்தது. நாங்களே எழுதிக்கொடுத்ததுபோலத் திரிந்தோம். ஏற்பாடு எல்லாம் முடிந்தது, இனி நடத்துவதுதான் பாக்கி என்று நினைத்தோம். நடத்துகிறவர்கள் ஜெக்கரியாவைப்போல இருப்பார்கள் என்று யார் கண்டது? என்னைப்போல இருப்பார்கள் என்றும்தான்.

19 பிப்ரவரி, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத் முழுக்க இருக்கும்போது ஜெக்கரியா எழுந்து, வடக்குவெளி உம்மாவின் வக்ஃபு என்று அறிவித்துவிட்டான். இமாம் பக்கீர் முகம்மது வீடு தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

“சபையில சொன்னது சொன்னதுதான் தம்பி. இனிமே அது அல்லாவோட சொத்து. நீங்களே திருப்பிக் கேட்டாலும் வராது. நிர்வாகம் பண்ண முத்தவல்லி யாரு?”

“எங்க லாத்தாதான்.”

இமாம் போனதும் என்னிடம் சொன்னான்: “பேருக்குத்தான். காட்டுற எடத்துல கையெழுத்துப் போடு, போதும்.”

‘நீ’ திரும்பிவிட்டது.

12 மார்ச்

மறுபடி அதே ஆட்சி. வெற்றி ஊர்வலத்தில் ஜெக்கரியா முன்வரிசை. போன மாதம் தோளில் கிடந்த துண்டின் கரை வேறு.

6 ஏப்ரல், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நில விசாரணையில் அதிகாரி மரியாதையாக எனக்கு நாற்காலி போடச் சொன்னார். “உங்க தாயார் உங்ககிட்ட நேரடியாச் சொன்னாங்களாம்மா?”

“ஆமாம்.”

அவ்வளவுதான். ஒரு சொல். பிறகு இராஜாங்கத்தைக் கூப்பிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இராஜாங்கம் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றார்.

திட்டியிருக்கக் கூடாதா அந்த மனிதர்? பொய் என்று கத்தியிருக்கக் கூடாதா?

ஏன் சொன்னேன்? கணவர் பினாங்கில் இறந்தபின், பாகம் கேட்காமல் இருப்பதற்குக் கூலியாக இந்த வீட்டின் பின்கட்டு எனக்கு. அதை இழக்கப் பயந்தேன். வேறு காரணம் எழுத முயன்றேன், எழுத்து வரவில்லை.

7 ஏப்ரல்

பள்ளிக்கூட வாசலில் இராஜாங்கத்தின் மனைவி காளியம்மாள் நின்றாள்.

“உங்க வீட்டுப் பெரியம்மாவுக்கு வாய் விழுந்தது தெருவுக்கே தெரியும். கஞ்சிக்கு மட்டும் தொறந்துச்சாக்கும்?”

உள்ளே போகத் திரும்பினேன்.

“எங்க வீட்டு ஆம்பள படிச்சவங்க முன்னாடி வாயத் தொறக்காது. தொறந்து மட்டும் என்ன? ஆபீசரு எங்களுக்கா நாக்காலி போட்டாரு?”

போகும்போது திரும்பி, “நல்லா இருங்க டீச்சரம்மா” என்றாள். திட்டு அது.

8 ஏப்ரல்

மூன்றாவது பாடவேளை. நீலாம்பாள் இருக்கும் வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

19 மே

உத்தரவு வந்துவிட்டது. வடக்குவெளி வக்ஃபு நிலம், கைவைக்க மாட்டார்கள். ஜெக்கரியா அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். கூடவே குத்தகைச் சீட்டு. முத்தவல்லி, தன் தம்பி ஜெக்கரியாவுக்கே நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறாராம். குத்தகை, பெயருக்கு நாலு மூட்டை நெல்.

“கஞ்சிக்கு இது ரெண்டு நாளைக்குக் காணாதேடா.”

“தண்ணி ஊத்திக் காய்ச்சச் சொல்லு!” சிரித்தான். “மேட்டூர் தொறக்குறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுரு லாத்தா.”

அப்புறம் போடுகிறேன் என்றேன்.

21 மே, வெள்ளி

நேற்று இமாமிடம் கேட்டேன், குத்தகை யாருக்கு என்று தீர்மானிப்பது யார் என்று.

“நீங்கதாம்மா. நியாயமான நெல்லு பள்ளிவாசலுக்கு வரணும். மத்தபடி உங்க தம்பியே வந்தாலும் கேக்க முடியாது. அவருதானே சபையில சொன்னாரு.”

எங்கள் பொய்யை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவர். அவர் நம்பியதாலேயே அது நிஜமாகிவிட்டது. சபையில் வீசிய சொல் தன்னையே கட்டும் என்று ஜெக்கரியாவுக்கு இன்னும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை இராஜாங்கத்தையும் மற்ற நான்கு பேரையும் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய், அவர்கள் பேருக்குக் குத்தகை எழுதிப் பதிவு செய்துவிடப்போகிறேன். பதிவாகிவிட்டால் அவர்களைக் கிளப்புவது லேசில்லை.

இதற்குத் தர்மம் என்று பேர் வைத்துக்கொள்ளாதே – எனக்கேதான் சொல்கிறேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் பேரில் பட்டாவே வந்திருக்கும். இனி வருஷா வருஷம் நெல் அளப்பார்கள், அவர்கள் பிள்ளைகளும் அளப்பார்கள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற எனக்குத் துணிச்சல் இல்லை, பொய்ச்சாட்சி என்று வேலை போய்விடும்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஐந்து பேரிடமும் ஞாயிற்றுக்கிழமைதான் சொல்ல வேண்டும். காளியம்மாள் நம்பமாட்டாள். நம்ப வேண்டாம்.

மாலை சீர்காழியில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். ஓர் அறை, ஓட்டுக்கூரை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள், “கூட யாரும்மா இருப்பாங்க?” என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன்.