ஈரச் சாக்கு வாடை

செப்டம்பர் 12, 2024, வியாழன்

இன்றைக்கும் சொன்னார். "நல்லா இருக்கு கேசி." வெறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அதுவும் அடி லேசாகப் பிடித்துவிட்டது. கை கழுவப் போனவர் திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைப் பார்த்து ஸ்டீவன் செய்கிற முதல் வேலை மூக்கைச் சுளிப்பதுதான். கப்பலில் வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் தேர்ந்தெடுத்து ஊற்றிக் கொடுத்த மூக்கு. வெந்தயம் ஒரு சிட்டிகை கூடினாலும் ஹாலில் இருந்தபடியே சொல்லிவிடும். லீவில் வந்த மாதங்களெல்லாம் எனக்குப் பரீட்சை. கப்பலை விட்டுச் சித்தூரிலேயே வந்து உட்கார்ந்த பிறகு தினமும் பரீட்சை. ஜூலையில் ஒரு காய்ச்சல் வந்து படுக்கையில் கிடந்து எழுந்தாரே, அதற்குப் பிறகுதான் இந்த மாற்றம். சாவைக் கிட்டத்தில் பார்த்தால் மனுஷனுக்கு மனசு இளகுமாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சந்தோஷமாக இருக்கிறேன். இந்த வயதில் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

பிரியாணி. "நல்லா இருக்கு." தம்பி பெண்டாட்டிக்கு ஃபோன் போட்டே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

அக்டோபர் 19, சனி



நெத்திலிக் கருவாடு அவர் வீட்டில் இல்லாதபோதுதான் வறுப்பேன். அந்த வாடை பட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இன்று சர்ச் கமிட்டி, மத்தியானம் ஆகும் என்றார். சட்டியில் போட்டுவிட்டேன். மாடி வீட்டு சந்திரம்மா மேலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாக்கா, நெத்திலியா? இங்க வரிக்கும் தூக்குது!"

திரும்பிப் பார்க்கிறேன், ஹாலில் அவர். எப்போது வந்தார்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மூக்கு சும்மா இருக்கிறது. ஜன்னலைச் சாத்துகிற மாதிரி சட்டியோடு அவர் முன்னாலேயே போனேன். பேப்பரைத் தாழ்த்தி, "மழ வரும் போலக் கீது. இன்னிக்கு இன்னா சமையல்?" என்றார்.

காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

அப்போ அந்த "நல்லா இருக்கு" எல்லாம்?

அக்டோபர் 22, செவ்வாய்

நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும்தான் தெரியும், மிச்சமெல்லாம் மூக்கு பார்க்கிற வேலை. இது அவரே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடத்துகிற பாடம். அப்படியானால் நான் வறுத்து அரைத்ததும், தாளித்ததும், பொடி இடித்ததும் எதுவுமே அவருக்குப் போய்ச் சேரவில்லை. மூக்கு போனது வெளியே தெரியக் கூடாது. குறை சொல்லப்போய்த் தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார். அதனால் எல்லாமே நல்லா இருக்கு.

நான் அதுக்குப் போய் சந்தோஷப்பட்டுக்கினு! பைத்தியக்காரி மாதிரி தம்பி பொண்டாட்டிக்கு ஃபோன் வேற! மூக்கு இருந்த வரிக்கும் ஒரு நல்ல வார்த்த சொல்ல வாய் வரல. மூக்கு செத்த பின்னாடி வருது. என் கொழம்பப் போர்வையாப் போத்திக்கினு ஒளிஞ்சிக்கினு கீறாரு இந்த ஆளு.

எனக்குத் தெரியும் என்று சொல்லப்போவதில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இன்று ரசத்தில் பெருங்காயம், சீரகம், கொத்தமல்லி, ஒன்றுமே போடவில்லை. புளித்தண்ணீரில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்கவைத்தேன். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினேன். அவர் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்கு."

அவருடைய சென்ட் பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். தினமும் கழுத்தில் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இவ்வளவு கெட்டவளா நான் என்று கேட்டுப் பார்த்தேன். ஆமாம் போலிருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல அவர் சொந்தக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் ஹாலில். வருஷா வருஷம் நடக்கிற சடங்கு: கப்பல் சிநேகிதர் வாங்கி வந்து கொடுக்கிற ஃப்ரெஞ்சு இனிப்பு ஒயின், அரை பாட்டில். சோத்தேர்ன் என்று பேர். பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இரண்டு இருந்தன. ஒன்றைத் திறந்தார்.

"இது பூஞ்ச புடிச்ச திராட்ச. கொடியிலயே சுருங்கிப் போவணும். அப்பறம் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் பறிப்பான்." என் இட்லி மாவில் ஒரு புள்ளி பூத்தால் தெருவைக் கூட்டுகிற வாய், பிரான்ஸில் பூத்தால் கீர்த்தனை பாடுகிறது.

கிளாஸைச் சாய்த்து நிறத்தைக் காட்டினார். கண்ணை மூடி முகர்ந்தார். "மொதல்ல தேன். அப்பறம் ஆப்ரிகாட். கடைசில குங்குமப்பூ." போன வருஷம் சொன்னதே, ஒரு சொல் மாறாமல். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கமிட்டி ஏசுரத்தினம், "குங்குமப்பூ தனியாத் தெரியுது" என்றார். அவருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு.

கடைசியில் எனக்கு ஒரு மூடி அளவு. "ஒனக்கு இன்னா தெரியும் ஒயினப் பத்தி. சும்மா நாக்க நனைச்சிக்கோ." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது வருஷமாக இதே வசனம், இதே சிரிப்பு.

டிசம்பர் 27, வெள்ளி

பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து ஃப்ரிட்ஜில் சொருகி, அதை மறந்தும் போய்விட்டார். மத்தியானம் அவர் வெளியே போனதும் அவருடைய கிளாஸிலேயே ஊற்றி உட்கார்ந்தேன்.

தேன் இருந்தது. பாட்டில் மூடியில் ஒட்டிக் காய்ந்து கெட்டியான தேன். பின்னாலேயே கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அது. குங்குமப்பூவும் பொய்யில்லை. விழுங்கின பிறகு வந்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வெல்லப்பாகு பதம் தாண்டிக் கருகப் போகிற நேரத்தில் ஒரு வாசனை எழும்பும், அதுதான். இவ்வளவு இனிப்புக்குத் திகட்ட வேண்டும். திகட்டவில்லை. அடியில் ஒரு புளிப்பு நின்று இனிப்பைத் தாங்கிக்கொள்கிறது. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதும் அந்த ருசி வாயில் இருந்தது.

இதையா எனக்கு மூடி அளவு கொடுத்தார்? இப்போது அவருக்கு இது எலுமிச்சை பிழிந்த சர்க்கரைத் தண்ணீர். பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி 17, 2025, வெள்ளி

நகரிப் பக்கத்துப் பையன் உதயா வந்திருந்தான். திருப்பதியில் புதிதாகத் திறக்கிற பெரிய ஹோட்டலில் அவன்தான் மேனேஜர். சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்களாம். "பசங்களுக்கு கிளாஸப் புடிக்கவே தெரியல அங்கிள். ஒயின்னா ஸ்டீவன் சாருதான்னு எங்க நைனா சொல்லுவாரு. நீங்கதான் வந்து டிரெய்னிங் குடுக்கணும். மொதல்ல ஓனர் முன்னாடி ஒரே ஒரு நாள் பாடம் எடுங்க."

அவன் போன பிறகு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். கப்பலை விட்டதிலிருந்து எந்த வேலையும் இவரைத் தேடி வந்ததில்லை. உள்ளே வந்து, டிரங்கு பெட்டியிலிருந்து பழைய கறுப்புக் கோட்டை எடுத்து, "அயன் பண்ணித் தரியா?" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 1, சனி

கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்கிறார். தேன், ஆப்ரிகாட், குங்குமப்பூ. மிச்சமிருக்கிற அந்த ஒரு பாட்டிலைத்தான் கொண்டுபோகப் போகிறார். "நீயும் வா கேசி" என்கிறார். கடைத்தெருவுக்குக்கூட என்னைக் கூட்டிப் போகாதவர்.

எதற்கு என்று தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று திருப்பதி. இன்று சர்ச்சுக்குப் போகவில்லை. இருவருமே.

வெள்ளைச் சட்டைப் பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஓனர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களை உதயா பின்னால் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனான். "எதுக்கும் இதே ஒயின் இன்னொரு பாட்டில் ஃப்ரிட்ஜில வச்சிக்கீறேன் அங்கிள். வேணும்னா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார்க்கை எடுத்தார். பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோய், அப்படியே இறக்கினார். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாரேன் கேசி. எனக்கு சளி."



முகர்ந்தேன். தேன் இல்லை. ஆரஞ்சுத் தோல் இல்லை. ஈரச் சாக்கு. மழைக்காலத்தில் சர்ச்சில் பாட்டுப் புத்தக அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கார்க் கெட்டால் இப்படித்தான் ஆகும், நாக்கு ஏமாறும், மூக்குதான் பிடிக்கும் என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஃப்ரிட்ஜ் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ் கேசி" என்றார். கிளாஸை வாங்கிக்கொண்டு, தோளை நிமிர்த்திப் போனார்.

அழகாகப் பேசினார். அதை நான் மறுக்க மாட்டேன். கிளாஸை எங்கே பிடிப்பது, எவ்வளவு ஊற்றுவது, கெட்ட ஒயினை விருந்தாளி கண்டுபிடிக்கும் முன் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வரை. பிறகு ஓனருக்கும் உதயாவுக்கும் ஊற்றினார். தேன் என்றார். ஆப்ரிகாட் என்றார். ஓனர் முகர்ந்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். உதயாவும் முகர்ந்தான்.

"அங்கிள்... இது கார்க் போயிருக்கே."

இவர் சிரித்தார். "சான்ஸே இல்ல. கேசியே மோந்து பாத்தா. நல்லா இருக்குன்னு சொன்னா."

"அப்போ நீங்க பாக்கலியா அங்கிள்?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். இவர் கிளாஸை எடுத்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், எல்லார் முன்னாலும், ஒன்றும் வராத அந்த மூக்கை வைத்துக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்தார். எல்லாருமே பார்த்தார்கள்.

"எனக்கு இன்னாங்க தெரியும், ஒயினப் பத்தி?" என்றேன்.

"பர்வாலேது அங்கிள், போவட்டும் வுடுங்க, நான் அப்பறம் ஃபோன் பண்றேன்" என்றான் உதயா.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. சந்திரகிரி தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்கு மூக்கு இல்லன்னு ஒனக்கு எப்போலேந்து தெரியும்?"

"நெத்திலி வறுத்த அன்னிலேந்து."

தலையை ஆட்டினார். "நான் நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு நெனச்சிக்கினியா?"

"பின்ன?"

"உப்பும் புளியும்தான் தெரிஞ்சிது. மிச்சத்த ஞாபகத்துல துன்னேன், கேசி. ஞாபகத்துல நல்லாத்தான் இருந்திச்சி."

அதற்குப் பிறகு சித்தூர் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.  இந்த வார்த்தைய நாக்கும் மூக்கும் நல்லா இருந்தப்ப ஒரு தடவ சொல்றதுக்கு இன்னா? ஒரே ஒரு தடவ!

மார்ச் 2, ஞாயிறு

உதயா ஃபோன் பண்ணவில்லை. இவர் பாக்கெட் பிரெட்டும், தானே உரிக்கிற வாழைப்பழமும், தானே வேகவைக்கிற முட்டையும் சாப்பிடுகிறார். நான் சமைத்ததைத் தொடுவதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவருடைய சென்ட் பாட்டிலில் புது சென்ட் வாங்கி நிரப்பினேன். அவர் இப்போது அதை எடுப்பதே இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

லெந்து விரத நாட்கள் முடிந்தன. காலையிலேயே மட்டன் எடுத்து, மசாலாவை அம்மியில் அரைத்தேன். பட்டை, கசகசா, தேங்காய், எதிலும் குறை வைக்கவில்லை. இறக்கும்போதே தெரிந்தது, இது போல எனக்கு எப்போதும் வந்ததில்லை.

சமையலறை வாசலில் வந்து நின்றார். "நல்லா இருக்குங்க, துன்னுங்க" என்றேன். 

குழம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டார்.  கிண்ணத்தோடு வெளியே போய் மாடிப்படி ஏறினார்.

"சந்திரம்மா, இத கொஞ்சம் மோந்து பாத்து சொல்லும்மா. கெட்டுப் போவலியே?"

"இன்னா சார் இது, இப்பதான எறக்கினாங்க அக்கா! கமகமன்னு கீது. நல்லா கீது சார், துன்னுங்க."

இறங்கி வந்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்து, சோற்றில் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நானும் போட்டுச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.